கோரின் கொடுத்த கிரேடு

ஆர்லிஸ் டோர்மாலா பிப்ரவரியில் இறந்தாள். அமெரிக்காவின் வடக்கு ஓரத்து டுலூத் நகரத்தில் பிப்ரவரி மாதம் குழி வெட்ட முடியாது, மண் உறைந்து இரும்பாக இறுகிக் கிடக்கும். பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக் கற்கட்டிடத்தில் வைத்துப் பூட்டினார்கள். மே மாதம் மண் இளகிய பிறகு புதைத்தார்கள். நடுவில் மூன்று மாதம். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: ஆர்லிஸ் மாதிரி காது கொடுத்துக் கேட்க ஆள் கிடையாது.

உண்மைதான். கேட்பதுதான் அவள் வேலை. பதினொரு வருடத்தில் இருபதாயிரம் பேரையாவது கேட்டிருப்பாள். ஒருவர் சொன்னதையும் சந்தேகித்ததில்லை, ஒரு பதிலைத் தவிர. அந்த ஒன்றுதான் அவள் வீட்டைத் தொட்ட பதில்.

சுப்பீரியர் தெருவில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே கருத்துக்கணிப்பு நிலையம் ஒன்று இருந்தது. இருபத்திரண்டு மேசைகள். மேசைக்கு ஒரு கணினித் திரை, ஒரு ஹெட்போன். எண்ணைக் கணினியே போடும், யாருடைய எண் என்று காட்டாது. மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை ஆர்லிஸ் அங்கே ஜன்னலோர மேசையில் உட்காருவாள். சோப்பு, மேயர், மான் வேட்டை, சாலைக் குழி என்று எதைப் பற்றியும் கேட்பார்கள். அதிகம் கேட்டது பள்ளிக்கூடங்களைப் பற்றி. பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து தாங்களே பள்ளி தொடங்கலாம், யார் பிள்ளையும் எந்தப் பள்ளிக்கும் போகலாம் என்று மாநிலம் சட்டம் போட்டிருந்த காலம் அது. அது சரியா தவறா என்று சட்டசபை கூடும்போதெல்லாம் யாராவது ஒருவருக்குப் புள்ளிவிவரம் தேவைப்பட்டது.

விதிகள் கறாரானவை. திரையில் இருப்பதை எழுத்து மாறாமல் வாசிக்க வேண்டும். பதிலைக் கேட்டு "நல்லது" என்றோ "அடடா" என்றோ சொல்லக் கூடாது. சொந்தப் பெயர் சொல்லக் கூடாது. ஆர்லிஸுக்கு அங்கே மிஸஸ் கார்ல்சன் என்று பெயர். எதிர்முனையில் பேசுபவர் தயங்கினால் "வேறு ஏதாவது?" என்று மட்டும் கேட்கலாம், அதையும் குரலை மேலே ஏற்றாமல், கீழே இறக்காமல். தெரிந்தவர் குரலாக இருந்தால் உடனே கையை உயர்த்த வேண்டும். மேற்பார்வையாளர் டுவேன் வந்து அழைப்பை வேறு மேசைக்கு மாற்றிவிடுவார்.

பள்ளிக் கேள்விகளுக்கு விடையாக ஒரு கிரேடு கொடுக்கச் சொல்வார்கள். ஏ, பி, சி, டி, கடைசியில் எஃப். எஃப் என்றால் தோல்வி. முதலில் நாட்டுப் பள்ளிகளுக்கு என்ன கிரேடு, பிறகு உங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு, பிறகு உங்கள் மூத்த பிள்ளை படிக்கும் பள்ளிக்கு. எந்த வருடம் கேட்டாலும் விடை ஒன்றுதான். நாட்டுக்கு சி, ஊருக்கு பி, பிள்ளையின் பள்ளிக்கு ஏ. ஒருநாள் ஆர்லிஸ் இதைக் கணவன் ரெய்னோவிடம் சொல்லிச் சிரித்தாள்.

"நாடு பூரா பள்ளிக்கூடம் மோசமாம். ஆனா அவங்கவங்க பிள்ளை போறது மட்டும் நல்ல பள்ளிக்கூடமாம். அப்போ அந்த மோசமான பள்ளிக்கூடத்துக்கு யார்தான் போறா?"

தாதுக் கப்பல்களுக்குச் சரக்கேற்றும் துறைமுகத்திலிருந்து அப்போதுதான் வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த ரெய்னோ சொன்னான்: "பின்வீட்டுப் பிள்ளைங்க."

ஆர்லிஸின் சிரிப்பு நின்றுவிட்டது. பின்வீடு என்றால் சந்துக்கு அந்தப்புறம் இருக்கும் கோரின் ஹெட்ஸ்ட்ராமின் வீடு. கோரினின் மகள் பிரிட்டா போவது நகரமே புகழ்ந்து பேசுகிற பள்ளிக்கூடம்.

பிரிட்டாவும் ஆர்லிஸின் மகள் மார்னியும் ஒரே வயது. இருவரும் நான்காம் வகுப்பில் இருந்தபோது மேட்டின் மேல் ஒரு பழைய கம்பளக் கடையில் அந்தப் பள்ளியைத் தொடங்கினார்கள். அப்போது கோரின் வந்து, இரண்டு பிள்ளைகளையும் சேர்ந்தே அனுப்பலாம் என்று கூப்பிட்டாள். முதலில் கூப்பிட்டது ஆர்லிஸைத்தான். சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த இன்னும் நான்கு பெண்கள் முன்னால் ஆர்லிஸ் கேட்டாள்:

"கம்பளக் கடையிலயா? பாடம் முடிஞ்சதும் பிள்ளைங்களைச் சுருட்டி மூலையில நிறுத்திடுவாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். கோரினும் சிரித்தாள். பிரிட்டாவை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

இரண்டு வருடத்தில் அந்தப் பள்ளியின் படம் செய்தித்தாளில் வந்தது. பிள்ளைகள் ஏரித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துச் சோதிக்கிற படம். முன்வரிசையில் பள்ளிச் சீருடையான பச்சை ஸ்வெட்டரில் பிரிட்டா. அதன் பிறகு ஆர்லிஸின் நகைச்சுவையை யாரும் நினைவுபடுத்தவில்லை. அவளுக்கு மட்டும் மறக்கவில்லை.

கோரின் நேராகப் பெருமை பேச மாட்டாள். பேசியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். "பிரிட்டாவுக்கு ஜெர்மன் வீட்டுப்பாடம் இருக்கு, அதான் கிளம்பறேன்" என்பாள். பள்ளியில் கொடுத்த ஆளுயர செல்லோ வாத்தியத்தை எங்கே வைப்பது, வீடு சின்னதாகிவிட்டது என்று அலுத்துக்கொள்வாள். ஒருநாள் சர்ச் முடிந்து காப்பி குடிக்கும்போது, மார்னியின் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டாள். இருபத்தெட்டு என்றாள் ஆர்லிஸ்.

"இருபத்தெட்டா?" என்றாள் கோரின். "பாவம், அந்த டீச்சர்."

டீச்சருக்காக இரக்கப்பட்டாளே தவிர, பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை ஆர்லிஸ் ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தாள்.

காலை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சந்து முனையில் பள்ளிப் பேருந்து வந்து நிற்கும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேரே உள்ள ஜன்னலில் தெரியும். திறந்த கோட்டுக்குள் பச்சை ஸ்வெட்டருடன் பிரிட்டா ஏறுவாள். முதுகில் தன்னைவிடப் பெரிய செல்லோப் பெட்டி. ஆர்லிஸ் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பாள். ஒன்றரை மணி நேரம் கழித்து மார்னி எழுந்து, ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு, நான்கு தெரு தள்ளியிருக்கும் செங்கல் பள்ளிக்கு மூன்று தோழிகளோடு கத்திக்கொண்டே நடந்து போவாள். ஆறாம் வகுப்பு ஆசிரியர் தினமும் கரும்பலகை மூலையில் ஒரு கணக்குப் புதிர் எழுதிவைப்பார். மார்னி அதைப் போகும் வழியிலேயே போட்டுப் பார்ப்பாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் ஆர்லிஸுக்கு எரிச்சல். குறை இருப்பதுகூடத் தெரியாமல் ஒரு பிள்ளை வளர்கிறதே என்று.

விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் விண்ணப்பித்தால் கோரின் ஜெயித்தாள் என்று எழுதிக் கொடுத்த மாதிரி. அப்படியே இரண்டு வருடம் போயிற்று. மார்னி ஏழாம் வகுப்புக்குப் போகிற வருடம் வந்தது. அந்தப் பள்ளியில் வெளியிலிருந்து ஆள் எடுப்பது ஏழாம் வகுப்போடு சரி. ஆறு இடம் காலி. வெள்ளிக்கிழமை, ஜனவரி பதினைந்து, மாலை நான்கு மணிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். நூலகத்திலிருந்து படிவத்தை எடுத்துவந்து ரொட்டிக் கத்திக்குக் கீழே இழுப்பறையில் வைத்திருந்தாள் ஆர்லிஸ். பெயர் மட்டும் எழுதியிருந்தாள். பள்ளி தொடங்கி மூன்றாம் வருடத்தில் ஆறு இடம் எப்படிக் காலியாகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நிலையத்தில் புது வேலை தொடங்கியது. நகரத்தில் பிள்ளை படிக்கிற பெற்றோர்களை மட்டும் கேட்க வேண்டும். ஆறரை மணிக்குக் கணினி ஒரு எண்ணைப் போட்டது.

"ஹலோ" என்றது எதிர்முனை.

கோரின்.

ஆர்லிஸின் கை பாதி உயர்ந்தது. டுவேன் முதுகைக் காட்டிக்கொண்டு காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். உயர்ந்த கை ஹெட்போனைச் சரி செய்துவிட்டு மேசைக்குத் திரும்பியது.

"வணக்கம். என் பெயர் மிஸஸ் கார்ல்சன். பள்ளிகளைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய ஒரு கருத்துக்கணிப்பு நடத்துகிறோம். பன்னிரண்டு நிமிடம் ஆகும். உங்கள் பதில்கள் இரகசியமாக வைக்கப்படும்."

எதிர்முனையில் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. "சரி, கேளுங்க" என்றாள் கோரின்.

நாட்டுப் பள்ளிகளுக்கு சி கொடுத்தாள். ஊர்ப் பள்ளிகளுக்கு பி. மூன்றாவது கேள்வியை வாசிக்கும்போதே ஆர்லிஸின் விரல் ஏ விசைக்குப் போய்விட்டது.

"டி" என்றாள் கோரின்.

விரல் அங்கேயே நின்றது. சரியாகக் கேட்கவில்லை என்றால் மறுபடி வாசிக்கலாம் என்று விதி. மறுபடி வாசித்தாள்.

"டிதான். ஏ, பி, சி, டி. அந்த டி."

"எதனால் அப்படிச் சொல்கிறீர்கள்?" இதுவும் திரையில் இருந்த கேள்விதான். பதிலைச் சொன்னபடியே தட்டச்சு செய்ய வேண்டும்.

"செப்டம்பர்லேர்ந்து மூணு கணக்கு டீச்சர் போயாச்சு. இப்ப யாரும் இல்ல. பிரதி எடுத்த தாளைக் குடுத்து உக்கார வெச்சிருக்காங்க. என் பொண்ணோட வகுப்புல ஆறு பேர் நின்னுட்டாங்க. இவ மதியச் சாப்பாட்டை பாத்ரூம்ல வெச்சுச் சாப்பிடறா, கூட உக்கார ஆள் இல்லாம."

ஆர்லிஸ் தட்டச்சு செய்தாள். "வேறு ஏதாவது?"

"நான்தான் சேர்த்தேன். ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வெளிய எடுக்கறது?"

"வேறு ஏதாவது?"

"பின்வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு. தினமும் சிநேகிதிங்களோட சிரிச்சுக்கிட்டு நடந்தே பள்ளிக்கூடம் போகுது. ஜன்னல்ல நின்னு பார்ப்பேன். வயிறு எரியும்."

பன்னிரண்டு நிமிட அழைப்பு இருபது நிமிடம் போயிற்று. முடிவில், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று வாசித்துவிட்டு ஆர்லிஸ் துண்டித்தாள். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிரித்தாள். இரண்டு வருடத்தில் வயிறு நிறையச் சிரித்தது அன்றுதான். பாவம் அந்தப் பிள்ளை என்கிற நினைப்பு அதன் பிறகுதான் வந்தது. சொல்லப்போனால் மறுநாள்தான் வந்தது.

மறுநாள் காலை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தொட்டி முன்னால் நின்றாள். பிரிட்டா செல்லோவோடு பேருந்தில் ஏறினாள். கோரின் வாசலில் நின்று கையசைத்துவிட்டு, உள்ளே போகுமுன் சந்தைத் தாண்டி ஆர்லிஸின் ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எல்லாம் மாறியது.

தெரிந்துகொண்டுவிட்டாள் என்று ஆர்லிஸுக்குப் பட்டது. பதினாறு வருடம் காப்பி குடித்த குரல், மிஸஸ் கார்ல்சன் என்றால் மறைந்துவிடுமா? தெரிந்துகொண்டுதான் அத்தனையும் சொல்லியிருக்கிறாள். நூலகத்தில் படிவம் எடுத்ததை யாராவது சொல்லியிருப்பார்கள். மார்னி வந்துவிடக் கூடாது என்று டி கொடுத்திருக்கிறாள்.

யோசிக்க யோசிக்க இது இறுகியது. தன் பிள்ளையின் பள்ளிக்கு யார் டி கொடுப்பார்கள்? ஆர்லிஸ் கேட்ட ஆயிரக்கணக்கான பேரில் விரல்விட்டு எண்ணலாம். சி கொடுத்திருந்தால் நம்பியிருப்பாள். அந்தப் பாத்ரூம் கதையும் பின்வீட்டுப் பெண்ணும் அளவுக்கு மீறிப் போய்விட்டன. தன்னைப் பார்த்து கோரினுக்கு வயிறு எரிகிறதாம். யார் காதில் பூச்சுற்றுகிறாள்?

நேரில் போய்க் கேட்க வழியில்லை. கேட்டால் கையை உயர்த்தாமல் கேட்டது வெளியே வரும், வேலை போகும். ரெய்னோவிடமும் சொல்லவில்லை. அழைப்பில் கேட்டதை வீட்டில் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். பாதி விதியை மீறியவள் மீதிப் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை படிவத்தை எடுத்து மேசையில் வைத்தபோது ரெய்னோ படித்துப் பார்த்தான்.

"இவளுக்கு அங்க என்ன குறைச்சல்?"

"குறைச்சல் தெரியறதுக்கு நிறைச்சல் எதுன்னு தெரியணுமே."

"நீ கோரினைப் பார்த்துக்கிட்டே மார்னியை வளர்க்கறே."

மார்னி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "நான் இங்கேயே இருக்கேனே, அம்மா" என்றாள்.

"உனக்குத் தெரியாது" என்றாள் ஆர்லிஸ். அதற்கு மேல் அவளை யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று நாற்பதுக்குப் படிவத்தை மேட்டுக்குக் கொண்டுபோய்க் கையிலேயே கொடுத்தாள். ஏப்ரலில் இடம் கிடைத்த கடிதம் வந்தது. அன்று சாயங்காலமே எலுமிச்சை பார் என்ற இனிப்பைச் சுட்டு, சதுரமாக வெட்டி, தட்டில் அடுக்கி, சந்தைத் தாண்டிப் போனாள். கோரின் கதவைத் திறந்தாள். மார்னிக்கு இடம் கிடைத்துவிட்டது என்று ஆர்லிஸ் சொன்னாள். கோரினின் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"ரொம்ப சந்தோஷம்" என்று மட்டும் சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டாள்.

அந்த முகத்தை ஆர்லிஸ் வீடுவரை சுமந்து வந்து ரசித்தாள். எரிகிறது, நன்றாக எரிகிறது என்று நினைத்தாள்.

மார்னிக்குப் பச்சை ஸ்வெட்டர் வந்தது. செல்லோ வரவில்லை, இசை ஆசிரியர் கோடையிலேயே போய்விட்டார். கணக்குக்கு அக்டோபரில் ஒருவர் வந்தார், நவம்பர் கடைசியில், நன்றி அறிதல் நாளுக்கு முன் போனார். பிரதி எடுத்த தாள்கள் வீட்டுக்கு வந்தன. மார்னி மதியச் சாப்பாட்டை எங்கே சாப்பிடுகிறாள் என்று ஆர்லிஸ் ஒருநாள் கேட்டாள். பாத்ரூமில், பிரிட்டாவோடு என்றாள் மார்னி. அங்கேதான் வெதுவெதுப்பாக இருக்கிறதாம்.

ஆர்லிஸ் கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

அன்றாவது வெளியே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கோரின் எடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தாள். சந்துக்கு அந்தப்புறம் கோரினும் அதையே நினைத்திருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் இரண்டு தாய்மாரும் இரண்டு ஜன்னலில் நின்று, யார் முதலில் இறங்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு ஜனவரியில் பள்ளியே மூடிவிட்டது. கட்டிடத்தில் மறுபடி கம்பளம் விற்றார்கள். மார்னி ஊர்ப் பள்ளிக்குத் திரும்பினாள். ஒரு வருடக் கணக்கை வேறு பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து மறுபடி படித்தாள். தோழிகள் மூவரும் நான்கு பேராகியிருந்தார்கள். நான்காவது ஆள் மார்னி இல்லை.

பின்னால் அவள் தண்ணீர்க் குழாய்ப் பொறியாளர் ஆனாள். கெட்டுப்போகவில்லை. ஆனால் வீட்டில் யாரும் அந்தப் பள்ளியின் பெயரைச் சொன்னதில்லை.

இருபது வருடம் போயிற்று. ரெய்னோ போய்ச் சேர்ந்தான். ஆர்லிஸுக்கு நுரையீரல் கெட்டது. ஜனவரி கடைசியில் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். மார்னி வேலைக்கு விடுப்புப் போட்டு வந்திருந்தாள். ஒரு மதியம் கோரின் டூனா மீனும் நூடுல்ஸும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷோடு வந்தாள். பாத்திரத்தின் அடியில் ஒட்டுத்தாளில் அவள் பெயர். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பனியைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு நின்றதும் ஆர்லிஸ் சொன்னாள்:

"அந்த வருஷம் உனக்கு ஒரு போன் வந்துச்சே. பள்ளிக்கூடத்துக்கு கிரேடு கேட்டு. அது நான்தான்."

"தெரியும்" என்றாள் கோரின்.

ஆர்லிஸ் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "தெரியுமா?"

"உன் குரல் எனக்குத் தெரியாதா? மிஸஸ் கார்ல்சனாம்."

"நெனச்சேன். அன்னிக்கே நெனச்சேன். மார்னி அங்க வரக்கூடாதுன்னு பொய் சொன்னே."

"பொய்யா?" என்றாள் கோரின். "நீன்னு தெரிஞ்சதாலதான் சொன்னேன். வேற யார் கேட்டிருந்தாலும் ஏ குடுத்திருப்பேன். நீ படிவம் வாங்கியிருக்கேன்னு நூலகத்துல சொன்னாங்க. எப்படித் தடுக்கறதுன்னு தெரியாம இருந்தேன். நீயே போன் பண்ணினே."

"நேர்ல வந்து சொல்லியிருக்கலாமே."

"நேர்ல வந்தா நீ சிரிப்பே. பிள்ளைங்களைச் சுருட்டி வெச்சாங்களான்னு கேப்பே."

ஆர்லிஸுக்கு இருமல் வந்தது. மார்னி தண்ணீர் கொடுத்தாள். கோரின் கோட்டை எடுத்துக்கொண்டாள்.

"எலுமிச்சை பார் தட்டோட வந்து நின்னியே, அன்னிக்குத்தான் புரிஞ்சுது, நான் சொன்னதை நீ நம்பலேன்னு" என்றாள். "அப்புறம் எப்படிச் சொல்றது?"

அவள் போன பிறகு ஆர்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். தெரிந்துகொண்டிருப்பாள் என்று கணித்தது சரி. காரணத்தைக் கணித்ததுதான் தப்பு. உண்மையைச் சொல்வதிலும் கோரினே முந்திக்கொண்டாள் என்பது அந்த நிலையிலும் அவளுக்கு உறுத்தியது. "ஒரு வார்த்தை பொய்யாச் சொல்லியிருக்கக் கூடாதா அவ" என்று முனகினாள்.

பிறகு மார்னியைக் கூப்பிட்டாள். எத்தனையோ வருடமாகக் கேட்காத மிஸஸ் கார்ல்சன் குரல் வந்தது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல்.

"நீங்கள் ஏழாம் வகுப்பு படித்த பள்ளிக்கு ஏ, பி, சி, டி, எஃப் என்பதில் என்ன கிரேடு கொடுப்பீர்கள்?"

மார்னி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"டி."

"எதனால் அப்படிச் சொல்கிறீர்கள்?"

"கணக்கு டீச்சர் இல்ல. ஒரு வருஷம் பின்னால போனேன். பழைய சிநேகிதிங்க போயிட்டாங்க."

"வேறு ஏதாவது?"

"பிரிட்டா கிடைச்சா."

"வேறு ஏதாவது?"

"என்னை யாரும் கேக்கல, அம்மா."

ஆர்லிஸ் "நல்லது" என்று சொல்லவில்லை. "அடடா" என்றும் சொல்லவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து மகளின் முழங்கால் மேல் வைத்தாள். மூச்சு சீராக வர நேரமாயிற்று.

"பிரிட்டா என்ன கிரேடு குடுப்பா?" என்று கேட்டாள். இது திரையில் இல்லாத கேள்வி.

"எஃப். எப்பவோ சொல்லியிருக்கா."

ஆர்லிஸ் அதை யோசித்தாள். முகத்தில் ஒரு திருப்தி மெல்லப் பரவியது.

"அப்போ நாம அவங்களைவிட ஒரு படி மேல."

ஒன்பது நாள் கழித்து இறந்தாள். ஹாட்டிஷ் பாத்திரம் கழுவித் துடைத்து அலமாரியில் இருந்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடாதே, கோரின் குறை பேசுவாள் என்று ஆர்லிஸ் இரண்டு முறை சொல்லியிருந்தாள். மே மாதம் புதைத்துவிட்டு வந்த அன்று மார்னி அதில் எலுமிச்சை பார் சுட்டு, சதுரமாக வெட்டி, சந்தைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.